எள்ளளவு மூளைகள்

ஆய்வுக்கூடத்தில் அவளை எல்லோரும் பெரியக்கா என்பார்கள். தேனீயின் தலையைத் திறந்து எள்ளளவு மூளையை முழுதாக எடுப்பது அவள் வேலை. ஒரே கூட்டில், ஒரே தாய்க்குப் பிறந்த ஈக்களில் ஒன்று புழுக்களுக்கு ஊட்டுகிறது, இன்னொன்று பூத் தேடிப் போகிறது. மூளையில் எந்த மரபணு விழித்தால் எந்த வேலை என்பதுதான் ஆய்வுக்கூடத் தலைவி டாக்டரம்மாவின் ஆராய்ச்சி. ஈயைப் பிடித்ததும் உறையவைத்து, உறைந்த நிலையிலேயே அறுக்க வேண்டும். இளகினால் எந்த மரபணு விழித்திருந்தது என்ற சேதி அழிந்துவிடும்.

பல வருட மூளைகள் டப்பா டப்பாவாக உறைபெட்டியில் இருந்தன. கடைசி டப்பாவை முடித்த மழைக்காலத்தில்தான் அவளுக்கு வலது கை நடுங்கத் தொடங்கியது. இது குறையாது என்றுவிட்டார் மருத்துவர். விஷயம் கணவருக்கு மட்டும் தெரியும். டம்ளரில் பாதிதான் டீ ஊற்றுவார்.

"ஏங்க, இவ்வளவு கஞ்சத்தனமா?"

"முழுசா ஊத்தினா தரை பாதி குடிச்சிடுதே!"

எடுத்தவரை போதும், வருஷக் கடைசியில் ஓய்வு, யாருக்கும் தெரியாமல் போய்விடலாம் என்றிருந்தாள்.

திங்கட்கிழமை வந்தபோது உறைபெட்டிக்கு அடியில் தண்ணீர். சனிக்கிழமையே அபாய மணி கத்தியிருக்கிறது.

"தலைவலி தாங்கல அக்கா, சத்தத்த மட்டும் நிறுத்தினேன்" என்றாள் மாணவி. "யாராவது பாத்திருப்பாங்கன்னு..."

சத்தம் கேட்ட காவலாளியும் அதையேதான் நினைத்திருந்தார்.

"கூட்டுல ஆயிரக்கணக்குல ஈ. ஒரு வேலையும் கேட்பாரில்லாம கிடக்காது. நாம மொத்தமே ஆறு பேரு" என்றாள் பெரியக்கா.

மூளைகள் பார்க்க அப்படியேதான் இருந்தன. அதுதான் கொடுமை.

டாக்டரம்மா அழுது, முகம் கழுவி வந்தார். "முதல்லேர்ந்து எடுத்துடலாம். நீங்க பழக்கின பொண்ணுங்க எல்லாம் பட்டம் வாங்கிட்டுப் பறந்துட்டாங்க. உங்க கை இருக்கே, அது போதும் எனக்கு."

பெரியக்கா ஒரு ஈயைத் தட்டில் வைத்து இடுக்கியை எடுத்தாள். இடுக்கி தட்டின் விளிம்பில் டிக் டிக்கென்று தட்டிக்கொண்டே இருந்தது. டாக்டரம்மா அதை மெல்ல வாங்கி வைத்தார்.

"எப்பலேர்ந்து?"

"கடைசி டப்பாவுக்கு அப்புறம்தான். அதுல இருக்கறதெல்லாம் சுத்தமா எடுத்தது. சத்தியமா."

"இனிமே அது எப்படி இருந்தா என்ன, பெரியக்கா."

குரலில் கோபம்கூட இல்லை.

அன்று மாலை கணவர் வழக்கம்போலப் பாதி ஊற்றினார்.

"முழுசாவே ஊத்துங்க. இனிமே கை ஆடினா யாருக்கு நஷ்டம்?"

அவர் ஊற்றினார். துடைக்கத் துணியையும் பக்கத்தில் எடுத்து வைத்தார்.