அப்பாவின் சுழியம்

எங்கள் முன்னாள் தலைமையாசிரியரே, நீங்கள் சரியான கணக்கு ஒன்றைக் கிழித்துப் போட்டீர்கள். அது என் கணக்கு.

அப்போது சிங்கப்பூர் எல்லைக்கு இந்தப் பக்கம், ஸ்கூடாயில் இரண்டாம் படிவம் படித்தேன்; பதினான்கு வயது. அறிவியல் ஆசிரியை எங்களைத் திடலுக்குக் கூட்டிப்போய், நாடாவால் அளந்து, நேரம் குறித்து, ஒரு முழுச் சுற்று ஓடவிட்டார். முதலில் வந்தது நான்.

“வேகமாத்தான் ஓடுன. ஆனா கிளம்புன எடத்துலயே வந்து நிக்கிற. அப்ப உன் சராசரி திசைவேகம் சுழியம்லா,” என்றார். வகுப்பே சிரித்தது. புத்தகத்தில் படித்ததெல்லாம் மறந்துவிட்டது. கால் வலிக்க ஓடிக் கற்றது மறக்கவில்லை.

பிறகு வீட்டில் ஒரு பயணத்தை அளந்து வரச் சொன்னார். நான் அப்பாவை அளந்தேன். விடியுமுன் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூர் தொழிற்சாலைக்குப் போய், எல்லைப் பாலத்து நெரிசலில் நின்று நின்று வீடு திரும்புகிறவர். மீட்டரை அவரே பார்த்துச் சொன்னார்: போகவர எழுபது கிலோமீட்டர். அட்டையில் பெரிதாக எழுதினேன்: ‘என் அப்பாவின் சராசரி திசைவேகம் சுழியம்.’ ஆசிரியை முழு மதிப்பெண் போட்டுச் சுவரில் ஒட்டினார்.

பெற்றோர் தினத்தன்று அது உங்கள் கண்ணில் பட்டது.

“பெத்த அப்பனையே சுழியம்னு எழுதுவியா?” என்று எல்லார் முன்னாலும் கிழித்தீர்கள்.

“கணக்கு சரிதானே சார்? மீட்டர பாத்தது நான்தான்,” என்றார் என் பக்கத்தில் நின்ற அப்பா.

“இதெல்லாம் உங்களுக்குப் புரியாது. சும்மா இருங்க.”

அப்பா துண்டுகளைப் பொறுக்கி மோட்டார் சீட்டுக்கு அடியில் வைத்தார். சிரித்தார். “அந்தச் சுழியத்துக்குத்தாம்மா நான் தினமும் ஓட்டுறேன்.” இவ்வளவு அவமானத்திலும் சிரிக்கிறாரே என்று எனக்கு ஆத்திரம்.

திங்கட்கிழமை பள்ளிச் சபைகூடலில் என்னை மன்னிப்புக் கேட்கச் சொன்னீர்கள். ஒலிவாங்கியில் “கணக்கு சரி” என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினேன். அதன்பின் எங்கள் வகுப்பைத் திடலுக்கே விடவில்லை நீங்கள். ஆசிரியை பலகையில் எழுதினார். நாங்கள் பார்த்து எழுதினோம்.

அந்தப் பெற்றோர் தினத்துக்கு முந்தைய மாதம்தான் பக்கத்து வீட்டு அங்கிள், அதே பாலத்துக்கு அதே நேரம் கிளம்பியவர், லாரியில் அடிபட்டு வீடு திரும்பாமலே போனார். அதையும் அப்பாவின் சிரிப்பையும் சேர்த்துப் பார்க்க அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.

அடுத்த மாதம் முன்னாள் மாணவர் விருந்தில் உங்களுக்கு மாலை போடுகிறார்களாம். நானும் வருகிறேன். மாலைக்கு முன்னால் ஒலிவாங்கியைப் பிடித்து எல்லாருக்கும் கேட்கும்படி நீங்களே சொல்லுங்கள்: அந்தக் கணக்கில் என்ன தப்பு?