மாப்பிள்ளையும் நான்காம் மாடியும்

என் தங்கச்சி வீட்டுக்காரருக்கு ஒரு வியாதி உண்டு. மாத்திரைப் பழக்கத்துக்கு முன்னாலேயே வந்த வியாதி. ஓடாத லிஃப்ட்டைக் கண்டால் சும்மா கடந்து போகத் தெரியாது. துக்கம் விசாரிக்கப் போன வீட்டில்கூட லிஃப்ட் கதவில் காதை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் மேலே ஏறுவார். செத்தவரின் மகன் அழுதுகொண்டே, "என்னண்ணே, ரிப்பேரா?" என்று கேட்டிருக்கிறான்.

நாங்கள் இரண்டு பேரும் லிஃப்ட் மெக்கானிக்குகள். ஒரே கம்பெனி, ஒரே ஜோடி. நான் மேலே மெஷின் ரூமில் நிற்பேன், அவர் கீழே குழியில் இறங்குவார். வீட்டில் அவர் மாப்பிள்ளை. "வாங்க மாப்ளே, உக்காருங்க மாப்ளே" என்று மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இருக்காது. வேலையில் இறங்கிவிட்டால் வெறும் "டேய்"தான். வாங்க போங்க என்று சொல்லி முடிப்பதற்குள் விரல் போய்விடுகிற தொழில் இது.

எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. மேலே இருப்பவன் பிரேக்கைத் தளர்த்துவதற்கு முன்னால் "பிடிச்சிருக்கியா?" என்று குரல் கொடுக்க வேண்டும். கீழே இருப்பவன் ஒரு கையால் கம்பியைப் பற்றி, மறு கையை நிறுத்தும் பட்டன்மேல் வைத்துக்கொண்டு, "பிடிச்சிருக்கேன்" என்று பதில் சொல்ல வேண்டும். மோட்டார் இரைச்சலில் குரல் கேட்காவிட்டால் லிஃப்ட் ஏறி இறங்கும் தண்டவாளத்தில் இரண்டு தட்டு. அந்தப் பதில் வராமல் நான் எதையும் தொடமாட்டேன். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் எங்கள் தொழிலில் யாரும் பொய் சொல்வதில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் தாராளமாகச் சொல்வோம்.

ஒரு மழைக்காலத்தில் குழிக்குள் வழுக்கி விழுந்து மாப்பிள்ளையின் முதுகெலும்பு விரிசல் விட்டது. ஆபரேஷன் நல்லபடியாகவே முடிந்தது. வலிக்குக் கொஞ்ச நாளைக்கென்று பலமான மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். வலி போய்விட்டது, மாத்திரை போகவில்லை. டாக்டர் எழுதிய சீட்டு தீர்ந்த பிறகு சீட்டே கேட்காத ஆட்களிடம் வாங்க ஆரம்பித்தார். எப்போதும் தோளில் தொங்கும் கருவிப் பையில், ஸ்பானர் செருகும் அறைக்குள் ஒளித்து வைப்பார். அந்தப் பை இல்லாமல் அவர் கல்யாணத்துக்கும் போனதில்லை, கடைக்கும் போனதில்லை. அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

விஷயம் வெளியே வந்த பிறகு தானாகவே நிறுத்தப் பார்த்தார். "மெயினை ஆஃப் பண்ணிட்டேன் மச்சான்" என்பார். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். வாந்தி, பேதி, எலும்புக்குள் குளிர், காலை ஒரு இடத்தில் வைக்க முடியாத தவிப்பு. இரண்டாம் நாளே மெயின் மறுபடியும் ஆன் ஆகிவிடும். கடைசியாக ஒருமுறை பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வாரத்துக்கும் மேல் தாக்குப்பிடித்தார். பிறகு பழைய அளவையே ஒரே வாயில் போட்டுக்கொண்டார். விட்டுப்போன உடம்பு அதைத் தாங்கவில்லை. உதடு நீலம் பாரித்துக் கிடந்தவரை ஆம்புலன்ஸ்காரர்கள்தான் மூச்சுக்குக் கொண்டுவந்தார்கள்.

அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கச்சி என்னிடம் சொன்னாள். "அண்ணே, இவர் நிறுத்துறேன்னு சொன்னதெல்லாம் போதும். அடுத்த தடவை ஆம்புலன்ஸ் லேட்டா வரும். இனிமே நான் பாத்துக்கிறேன்."

அவள் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்கிற ஒரு கம்பெனியில் புகார் கேட்கும் ஃபோனில் வேலை பார்க்கிறாள். நாள் முழுக்க ஊரார் திட்டுவதைக் கேட்டுக் கேட்டு, எதிர்முனையில் யார் பொய் சொல்கிறார்கள் என்பது அவளுக்கு இரண்டே வாக்கியத்தில் தெரிந்துவிடும். சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்து ஒவ்வொரு இடமாகக் கூப்பிட்டாள். ஒருவன் மூன்றே நாளில் பரிசுத்தமாக்கித் தருகிறேன் என்றான். இன்னொருவன், "ஆளை ஏத்தி விடுங்க மேடம், பூட்டி வெச்சு வழிக்குக் கொண்டு வந்துடுவோம்" என்றான்.

"டாக்டர் இருக்காரா?"

"டாக்டர் எதுக்கு மேடம்? கட்டுப்பாடுதான் மருந்து."

"என் புருஷன் என்ன, கயித்தை அறுத்துக்கிட்டு ஓடுற மாடா?" என்று ஃபோனை வைத்துவிட்டாள்.

கடைசியில் ஒரு கிளினிக்கில் நர்ஸ் எடுத்தார். அவர் எந்த வாக்குறுதியும் கொடுக்கவில்லை. அவரே கேள்வி கேட்டார். என்ன மாத்திரை, எவ்வளவு நாளாக, வேறு என்ன மருந்து சாப்பிடுகிறார், மூச்சு எப்போது நின்றது. தங்கச்சிக்கு அப்போதுதான் முதல்முறையாக அழுகை வந்ததாம். "அண்ணே, இவங்களுக்குத் தெரியுது" என்று எனக்கு ஃபோன் செய்தாள்.

ஒருநாள் மாப்பிள்ளையை அங்கே கூட்டிக்கொண்டு போனோம். கிளினிக்கின் டாக்டரம்மா நிதானமாக விளக்கினார். நாக்குக்கு அடியில் வைக்கிற ஒரு மாத்திரை இருக்கிறது. அது தவிப்பை அடக்கும், ஆனால் போதையில் தள்ளாது. முதலில் சில நாள் அங்கேயே தங்க வேண்டும். அப்புறம் மறுவாழ்வு மையம், குழுவாக உட்கார்ந்து பேசுவது, வேலைக்குத் திரும்பப் பழகுவது. மருந்து மட்டும் மாதக்கணக்கில் தொடரும், தேவைப்பட்டால் அதற்கு மேலும். ஒரே ஒரு நிபந்தனை. பழைய மாத்திரை உடம்பில் வேலை செய்துகொண்டிருக்கும்போது இதைக் கொடுத்தால் எல்லாத் தவிப்பும் ஒரே நேரத்தில் பாய்ந்து வரும். அதனால் முந்தின நாளே நிறுத்திவிட்டு, நடுக்கத்தோடு வர வேண்டும்.

மாப்பிள்ளைக்கு முறுக்கு வந்துவிட்டது. "மாத்திரையை விடுறதுக்கு இன்னொரு மாத்திரையா? அதுக்கு நான் எதையும் விடாமயே இருந்துடலாமே."

டாக்டரம்மா பதில் சொல்ல வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டேன். "டேய், கயிறு மாத்தும்போது லிஃப்ட் பெட்டியை எதுல தொங்க விடுவோம்?"

முறைத்தார். "செயின்ல."

"செயினை எப்போ கழட்டுவோம்?"

"புதுக் கயிறு போட்டு, ஓட்டிப் பாத்து, திருப்தியான பிறகு."

"கழட்டுற வரைக்கும் செயின்ல தொங்குறது பெட்டிக்கு அவமானமா?"

தங்கச்சி சேர்க்கைக்கான நாளைக் குறித்துக்கொண்டாள்.

குறித்த நாள் காலையில் மூன்று பேரும் போனோம். மாப்பிள்ளை வாக்கைக் காப்பாற்றியிருந்தார். மூக்கு ஒழுகியது, கொட்டாவி கொட்டாவியாக வந்தது, கையில் மயிர் குத்திட்டு நின்றது. தோளில் வழக்கம்போல் பை. கிளினிக் நான்காவது மாடியில். பழைய கட்டடம். கீழே போய் நின்றால், லிஃப்ட் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கிறது! உள்ளே ஒரு வக்கீல். "நான் யாருன்னு தெரியுமா? இந்தக் கட்டடத்தையே இழுத்து மூடிடுவேன்!" என்று கதவைக் குத்திக்கொண்டிருந்தார். வெளியே வந்தால்தானே மூட முடியும்?

மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்ததுமே அவர் கையைப் பிடித்துப் படிப்பக்கம் இழுத்தேன். "வேண்டாம் மாப்ளே. அதைப் பாக்கிறவங்க வருவாங்க. நாம மேலே போவோம்."

"அவங்க வர்றதுக்குள்ள அந்த ஆளுக்கு மயக்கம் வந்துடும் மச்சான். ரெண்டு பேர் இருக்கோம். நீங்க மெஷின் ரூமுக்குப் போங்க."

தங்கச்சி அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தலையில் கை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். பராமரிப்பு கம்பெனியைக் கூப்பிட்டு அனுமதி வாங்கி, காவலாளி மெஷின் ரூம் சாவியைத் தேடி எடுத்து வருவதற்கே அரை மணிக்கு மேல் ஆகிவிட்டது. பிறகு நான் மேலே போய், வழக்கம்போல் குரல் கொடுத்துப் பதில் வாங்கிக்கொண்டு, மோட்டார் சக்கரத்தைக் கையால் சுற்றினேன். அவர் இரண்டாவது மாடியில் கதவைத் திறந்து வக்கீலை இறக்கினார். கத்திக்கொண்டிருந்த மனிதர் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே வாங்கிக் குடித்தார்.

நான்காவது மாடியில் நர்ஸ் அவர் முகத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார். "இன்னைக்கு ஏதாவது எடுத்தீங்களா?"

"இல்லைங்க."

அப்போதுதான் நான் அவர் கையைப் பார்த்தேன். காலையில் டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாத கை, மேஜைமேல் அசையாமல் இருந்தது. மூக்கு ஒழுகவில்லை. கொட்டாவி இல்லை. எனக்குக் கோபம் தலைக்கேறியது. தங்கச்சி முன்னால், நர்ஸ் முன்னால், சட்டையைப் பிடித்து உலுக்கியிருப்பேன். ஆனால் வாயில் வந்தது பழக்கமான வார்த்தைதான்.

"டேய், பிடிச்சிருக்கியா?"

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். தோளிலிருந்து பையைக் கழற்றித் தரையில் வைத்தார்.

"விட்டுட்டேன் மச்சான். சாவிக்குக் காத்திருந்தப்போ கதவைத் திறந்து பாத்தேன், கீழே குழி வாயைப் பொளந்துக்கிட்டு இருந்துச்சு. நடுங்குற கையோட அந்த ஆளை இறக்கப் பயமா இருந்துச்சு. பையில ஒண்ணு கிடந்தது."

டாக்டரம்மா வந்தார். திட்டவில்லை. "உண்மையைச் சொன்னது நல்லதாப் போச்சு. இப்போ இதைக் குடுத்திருந்தா இங்கேயே துடிச்சிருப்பீங்க, அப்புறம் இந்தப் பக்கமே வரமாட்டீங்க. நாளைக்கு வாங்க" என்றார். வாந்திக்கும் வயிற்றுப் பிடிப்புக்கும் வேறு மருந்து கொடுத்தார். மூச்சு தடுமாறினால் மூக்கில் அடிக்க ஒரு மருந்தைத் தங்கச்சி கையில் கொடுத்து, எப்படி அடிப்பதென்றும் செய்து காட்டினார். தங்கச்சி எல்லாவற்றையும் திரும்பக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொண்டாள். படி இறங்கும்போதுதான் வெடித்தாள். "ஊர்ல இருக்கிற லிஃப்டெல்லாம் உங்க தலையிலதானா தொங்குது? எனக்கு இருக்கிறது நீங்க ஒரே ஆளுங்க! நாளைக்கும் ஏதாவது ஒரு லிஃப்ட் நின்னா நான் என்ன பண்ணுவேன்?"

எனக்கும் அதே பயம்தான். தவிப்பு தலைக்கேறிய பிறகு இரண்டாம் நாள் திரும்பி வருபவர்கள் கொஞ்சம் பேர்தான் என்று நர்ஸ் என் காதோடு சொல்லியிருந்தார்.

மறுநாள் நான் முன்னதாகவே போய்க் கட்டட வாசலில் காத்திருந்தேன். பஸ்ஸிலிருந்து தங்கச்சி இறங்கினாள். பின்னால் போர்வையைப் போர்த்திக்கொண்டு மாப்பிள்ளை. முந்தின நாளைவிட மோசமாக இருந்தார், பல் கிடுகிடுத்தது. ஒரு தோள் மட்டும் பழக்கத்தில் சாய்ந்திருந்தது. அந்தத் தோளில் பை இல்லை.

லிஃப்ட் அன்றைக்கு ஓடியது. ஆனால் ஓடும்போது ஒரு கரகர சத்தம். மாப்பிள்ளை நின்றார். காதைச் சாய்த்தார். தங்கச்சி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"பெட்டியோட கீழ் ஷூ தேஞ்சிருக்கு, தண்டவாளத்துல உரசுது" என்றார் மாப்பிள்ளை. "அந்தக் கம்பெனிக்காரங்ககிட்ட நீங்களே சொல்லிடுங்க மச்சான்."

சொல்லிவிட்டுக் கைப்பிடியைப் பிடித்துப் படியேற ஆரம்பித்தார். மாடிக்கு மாடி உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். நாங்கள் பின்னாலேயே போனோம்.

மேலே நர்ஸ் கண்ணைப் பார்த்தார், நாடி பார்த்தார், தலையாட்டினார். மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்தார்கள். "கரையுற வரைக்கும் விழுங்கக் கூடாது, பேசக் கூடாது." பெஞ்சில் சுவரோடு சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். வேர்வை வழிந்தது. தங்கச்சி, "ஏங்க, ஏங்க, எப்படி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவர் வாயைத் திறக்கவில்லை. நான் குனிந்து கேட்டேன்.

"டேய், பிடிச்சிருக்கியா?"

கண்ணைத் திறக்காமலே கையை இறக்கி, பெஞ்சின் இரும்புக் காலில் இரண்டு தட்டுத் தட்டினார்.

அப்புறம் நடந்ததெல்லாம் பொறுமையான வேலை. கிளினிக், மறுவாழ்வு மையம், வாரந்தோறும் குழுப் பேச்சு. முதலில் பட்டறையில் உட்கார்ந்த வேலை, டாக்டரம்மா சம்மதித்த பிறகுதான் குழி. நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை இன்றும் தொடர்கிறது. புதுக் கயிறு இன்னும் சோதனையில் இருக்கிறது, அவசரம் ஒன்றுமில்லை என்று அவரே சொல்கிறார். நானும் பழையபடி மேலே நின்று "டேய்" என்கிறேன்.

பையைத் தங்கச்சி அத்தனை மாதமும் ஆபீஸில் தன் மேஜைக்கு அடியில் வைத்திருந்தாள். வேலைக்குத் திரும்பிய நாளில்தான் கொடுத்தாள். அன்றையிலிருந்து தினமும் காலையில், யாரும் கேட்காமலே, மாப்பிள்ளை பையை அவள் முன்னால் தலைகீழாகக் கவிழ்க்கிறார். ஸ்பானர் செருகும் அறையையும் வெளியே இழுத்துக் காட்டுகிறார். அப்புறம்தான் ஒவ்வொன்றாக எடுத்து அடுக்குகிறார். "தரையெல்லாம் கிரீஸ், யாரு தேய்க்கிறது?" என்று அவள் சத்தம் போடுவாள். ஆனால் தரையில் விரிக்கப் பழைய பேப்பரை முந்தின நாளே எடுத்து வைத்திருப்பாள்.