காதரிக்கா பாதி கேட்ட செய்தி

அன்று காலையில் கடைக்கு மிளகு வண்டி வந்திருந்தது. மூட்டை இறக்கும் சத்தத்தில் என் போன் அடித்தது முதலில் எனக்குக் கேட்கவில்லை. மறுபடி அடித்தபோது எடுத்தேன். காதரிக்காவின் மனைவி ஆமினா பேசினார். "செல்வி, அவங்க மௌத்தாயிட்டாங்க. சுபுஹு தொழுதுட்டு கொஞ்சம் படுக்கறேன்னாங்க. சாயாவுக்கு எழுப்பப் போனா எழும்பல" என்றார். முதலாளியிடம் சொல்லச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். எனக்கு உடனே எழுந்து போய்ச் சொல்ல முடியவில்லை. எதிர் மேசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். வழக்கமாகக் காதரிக்கா வந்து, நாற்காலியை யாரோ நகர்த்திவிட்டார்கள் என்று சண்டையைத் தொடங்கும் நேரம் அது.

மட்டாஞ்சேரித் தமிழர்களில் காதரிக்காவைத் தெரியாதவர்கள் குறைவு. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இக்கா என்றால் இங்கே அண்ணன். அவர் குடும்பம் பாலக்காட்டிலிருந்து வந்த ராவுத்தர் குடும்பம். வீட்டில் பேச்சு தமிழ், பள்ளியில் படித்தது மலையாளம். முப்பது வயதுக்கு மேல் இரண்டு கண்ணிலும் பார்வை போய்விட்டது. மிளகு, சுக்கு, ஏலம் விற்கும் எங்கள் மலஞ்சரக்குக் கடையில், தமிழ்நாட்டு மசாலாக் கடைகளிலிருந்து வரும் ஆர்டர்களைப் போனில் எடுப்பது அவர் வேலை. நான் தென்காசியிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள், பில் போடுகிறவள். எதிரெதிர் மேசை. பல வருடம் சண்டை போட்டிருக்கிறோம். சர்க்கரை வியாதியை வைத்துக்கொண்டு மேசை டிராயரில் அல்வா ஒளித்து வைப்பார். கண்டித்தால், "நீ என்ன டாக்டரா, போலீஸா? ஒண்ணு சொல்லு, அதுக்குத் தக்க பேசறேன்" என்பார். இறந்துபோனார் என்பதற்காக அவரை உத்தமராக்க எனக்கு மனமில்லை. முன்கோபி, வீம்புக்காரர். அவரோடு இருந்தால் பொழுது போவது தெரியாது.

அவருடைய போன் திரையில் இருப்பதையெல்லாம் படித்துச் சொல்லும். காதில் மாட்டும் கருவியைக் கழற்றி ஒருநாள் என்னிடம் நீட்டினார். தகர டப்பாவில் கடுகைப் போட்டுக் குலுக்கினால் வரும் சத்தம்தான் எனக்குக் கேட்டது. இது என்ன பாஷை என்று கேட்டேன். "மலையாளம்தான். வேகத்தைக் கூட்டி வெச்சிருக்கேன். உன் காதுக்கு வயசாயிடுச்சு" என்று சிரித்தார். அந்தப் போனை யாரும் தொடக் கூடாது. "என் சட்டைப் பையில வேணும்னா கை விடு, போனைத் தொடாதே" என்பார். வெறும் பந்தா என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு ஒருநாள் அவரே சொன்னார். பார்வை போன புதிதில் பேங்க் காகிதம், ஆஸ்பத்திரி ரிசல்ட் எல்லாவற்றையும் யாராவதுதான் அவருக்குப் படித்துச் சொல்ல வேண்டும். "படிக்கிறவன் குரல் மாறும் பாரு, அதுலயே எனக்கு விஷயம் தெரிஞ்சுடும். என் வீட்டு விஷயம் எனக்கு முன்னாடி அவனுக்குத் தெரியும். அது வய்யா செல்வி, அது மட்டும் என்னால முடியாது." போன் வந்த பிறகுதான் அந்த அவமானம் தீர்ந்தது என்றார்.

அது பழைய மாடல் போன். திரைக்குக் கீழே நிஜமான ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினால் உள்ளே அமுங்கும், டக்கென்று சத்தம் வரும். எங்கே வழி தவறினாலும் அதை அழுத்தினால் முதல் பக்கத்துக்கு வந்துவிடலாம். அந்தப் பொத்தான் கெட்டுப்போனபோது, சுள்ளிக்கல்லில் ஒரு ரிப்பேர் கடைக்காரர் வேறொரு செத்த போனிலிருந்து எடுத்துப் போட்டுக் கொடுத்தார். பேட்டரி உப்பிப் பின்மூடி பிதுங்கியபோது அதையும் மாற்றினார். கடைசியாக ஒரு அப்டேட் வந்தது. ஆசையாக இவரேதான் அழுத்தினார். அதற்குப் பிறகு அந்தப் பழைய போனுக்குப் பாரம் தாங்கவில்லை. விரல் ஒரு இடத்துக்குப் போன பிறகு, சாவகாசமாகக் குரல் வரும். "பந்தி முடிஞ்சு இலை எடுத்தப்புறம் வர்ற மச்சான் மாதிரி வருது" என்று எரிச்சல்பட்டார். இந்த மாடலுக்கு இனி அப்டேட் கிடையாது என்று கம்பெனி சொல்லிவிட்டது. முதலில் பேங்க் ஆப் திறக்க மறுத்தது. மெசேஜ் வரும் ஆப்பும் இந்தப் போனில் நிற்கப்போகிறது என்று அடுத்து அறிவிப்பு வந்தது. ஆர்டர் எல்லாம் அதில்தான் வரும்.

எங்கள் முதலாளி நல்ல மனிதர். "காதரே, பழசைக் கட்டிக்கிட்டு ஏன் கஷ்டப்படணும்?" என்று சொல்லிப் புதுப் போன் வாங்கிக் கொடுத்தார். முழுக்கக் கண்ணாடி, பொத்தானே இல்லை. காதரிக்கா அதைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு டிராயரில் போட்டுவிட்டார். பழகினால் சரியாகிவிடும் என்று கடையில் எல்லோரும் சொன்னோம். அவர் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டார். வீம்பு என்று எல்லோரும் முடிவு கட்டினோம். ஒருநாள் கொதிக்கக் கொதிக்க வந்த சாயா கிளாஸை அவர் விரல் நுனியால் பிடித்தபடி பேசிக்கொண்டே இருந்தார். விரல் சிவந்துவிட்டது. "இக்கா, கை சுடலையா?" என்று கேட்டேன். கிளாஸைக் கீழே வைத்தார். மெதுவாகச் சொன்னார்: "விரல் நுனி மரத்துப் போச்சு. சுகர். அமுங்கினாத் தெரியும். சும்மா தொட்டாத் தெரியாது." பழைய போனில் வழி தவறினால் அமுக்க ஒரு பொத்தான் இருந்தது, கண்ணாடி எங்கே அமுங்கும்? அவர் விரல் பட்டதும் அவருக்குத் தெரியாது, படாததும் தெரியாது. முதலாளிக்குத் தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். "கண்ணு போனவனுக்கு வேலை குடுத்த மனுஷன். விரலும் போச்சுன்னா அவரு என்ன செய்வாரு, பாவம்." அவர் இருந்தவரை நான் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது சொல்லியே ஆக வேண்டியிருக்கிறது.

பழைய போனில் அந்த ஆப் நின்றுவிட்டது. நம்பரைப் புதுப் போனுக்கு மாற்றினோம். அவர் பழகும்வரை மெசேஜ்களை நான் படித்துச் சொல்லும்படி முதலாளி சொன்னார். சுக்கு இத்தனை மூட்டை, ஏலம் இத்தனை கிலோ என்று நான் படிப்பேன். அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பியபடி கேட்பார். கண் தெரியாதவர் முகத்தை எந்தப் பக்கம் வைத்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். பக்கத்தில் இருந்த எனக்கு வலித்தது.

இங்கே அவர் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றாள். கல்யாணமாகி ஷார்ஜாவில் இருந்தாள். அங்கே அவளுக்கு நிம்மதி இல்லை, அதற்கு மேல் நான் சொல்ல மாட்டேன். ஒற்றை அறை வீட்டில் எப்போதும் யாராவது இருப்பதால் போனில் பேச முடியாது. அதனால் எழுதுவாள். இவர் சுக்கு மூட்டைகளுக்கு நடுவே போய் நின்று, காதில் கருவியை மாட்டிக்கொண்டு தனியாகக் கேட்பார். தணிந்த குரலில் பேசிப் பதிலை அனுப்புவார். அம்மாவுக்குத் தெரியக் கூடாது, தெரிந்தால் அழுது ஊரைக் கூட்டிவிடுவாள் என்று இருவருக்கும் பயம். அத்தாவின் போனை அத்தாவைத் தவிர யாரும் தொட மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் அந்தப் பெண் எல்லாவற்றையும் எழுதினாள்.

ஒருநாள் ஆர்டர்களைப் படித்து முடித்து அடுத்ததைத் திறந்தேன். நீளமான மெசேஜ், மலையாளம். தமிழைப் போல எனக்கு மலையாளம் கண்ணால் ஓடாது. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். "அத்தா, சுகமா? மருந்து ஒழுங்கா எடுக்கறீங்களா? எனக்கு இனி இங்கே" என்பதுவரை படித்தேன். அதற்குக் கீழே 'மேலும் படிக்க' என்று இருந்தது. அதை அழுத்துவதற்குள் அவர் கை வந்து திரையை மூடியது.

"மதி. மதி செல்வி" என்றார். போதும் என்று அர்த்தம்.

"இன்னும் இருக்கு இக்கா."

"இருக்கட்டும். அது எனக்கு எழுதினது. நானே படிச்சுக்கறேன்."

"அவளுக்கு ஒரு வரி பதிலாவது அனுப்பட்டா?"

"பாதியைக் கேட்டுட்டுப் பதில் சொல்றவன் இல்ல நான்" என்றார். சொன்னவர் முகம் வெளுத்திருந்தது. 'இனி இங்கே' என்ற இரண்டு வார்த்தை அவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. அவளைக் கூப்பிடவும் வழியில்லை, இன்னொரு வாயால் கேட்கவும் மனம் வரவில்லை.

அந்த வாரம் முழுவதும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் புதுப் போனோடு மல்லுக்கட்டினார். விரல் பட்டது தெரியாமல் திருநெல்வேலி மசாலாக் கடைக்குத் திரும்பத் திரும்பப் போன் போய்விடும். "என்ன பாய், சுக்கு விலை ஏறிடுச்சா?" என்று அவர்கள் பதறுவார்கள். என் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றைக் கண்ணாடியின் ஓரத்தில் அடையாளத்துக்கு ஒட்டிக் கொடுத்தேன். "போனுக்குப் பொட்டு வெச்சுட்டியா, நிச்சயதார்த்தம் எப்போ?" என்று கேலி செய்தார். பொட்டும் அவர் விரலுக்குத் தெரியவில்லை. கடைசியில் விரலை மடக்கி முட்டியால் தட்டிப் பார்த்தார். முட்டியில் உணர்ச்சி இருந்தது. அன்று சாயங்காலம் முட்டியாலேயே தடவித் தடவி மெசேஜ் பட்டியல்வரை போய்விட்டார். குரல் மகள் பெயரைச் சொன்னது, எனக்கும் கேட்டது. அதற்குள் விரல் வேறெங்கோ பட்டு எல்லாம் மூடிக்கொண்டது. "சாரமில்ல, பரவாயில்ல. கிட்ட வந்துட்டேன். நாளைக்குப் படிச்சிடுவேன்" என்றார். போனை டிராயரில் வைத்துப் பூட்டினார். வீட்டுக்குக் கொண்டுபோனால் நல்லெண்ணத்தில் யாராவது திறந்து படித்துவிடுவார்கள் என்று அதைக் கடையிலேயே வைத்துவிட்டுப் போவது அவர் வழக்கம். மறுநாள் காலையில்தான் ஆமினாவின் போன் வந்தது.

மகள் வந்து சேர்வதற்குள் கபரில் அடக்கம் செய்துவிட்டார்கள். அவள் அழவே இல்லை என்று பெண்கள் முணுமுணுத்தார்கள். என்னைப் பார்த்ததும் அடுக்களைக்குள் இழுத்துப் போனாள்.

"செல்வி ஆன்ட்டி, அத்தாவுக்கு என்மேல கோவமா?"

"எதுக்கும்மா கோவம்?"

"நான் ஒரு மெசேஜ் அனுப்பினேன். இனி இங்க இருக்க வய்யா, வீட்டுக்கு வரட்டான்னு கேட்டேன். அத்தா பாத்துட்டாங்க, நீல டிக் வந்துச்சு. ஒரு வாரம் காத்திருந்தேன். பதில் இல்ல."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் திறந்தவுடனே அங்கே அவளுக்கு நீல டிக் போய்விட்டது. அந்த வாரம் எங்கள் இருவருக்குமே அது நினைவுக்கு வரவில்லை. நடந்ததையெல்லாம் சொன்னேன். பொத்தான் இல்லாத போன், மரத்துப்போன விரல், டிராயரில் பூட்டிய போன் என்று எதையும் விடாமல் சொன்னேன்.

"அப்போ அத்தா வேண்டான்னு சொல்லலியா?" என்றாள்.

"இல்லம்மா. நீ கேட்டதே அத்தாவுக்குத் தெரியாது."

அதன் பிறகுதான் அவள் அழுதாள். நிம்மதியில் அழுதாளா, இல்லை அது இன்னும் பெரிய துக்கமா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நானும் அழுதேன்.

முன்னறையில் காதரிக்காவின் தம்பி உட்கார்ந்திருந்தார். மகள் தான் அனுப்பிய மெசேஜையும் நீல டிக் வந்ததையும் சொல்லி, இனி திரும்பிப் போகப்போவதில்லை என்றதும் அவர் சொன்னார்: "அண்ணன் படிச்சிட்டுத்தானே பேசாம இருந்தாரு? அதுக்கு என்ன அர்த்தம்? அவருக்கு இஷ்டமில்ல. மௌத்தான மனுஷன் சொல்லை மதிக்கணும்." அங்கே இருந்த பலரும் தலையாட்டினார்கள். நான் முதலிலிருந்து கடைசிவரை நடந்ததை மறுபடியும் சொன்னேன். "கடையில வேலை பாக்கறவங்க சொல்றதைக் கேட்டுக் குடும்ப விஷயம் முடிவு பண்ண முடியுமா?" என்று என்னைப் பார்க்காமலே சொல்லிவிட்டார். மரணம் நடந்த வீடு என்பதால் வாயை மூடிக்கொண்டு வந்தேன். ஆத்திரம் இன்னும் தீரவில்லை. அதனால்தான் அவரை அறிந்த உங்கள் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன்.

புதுப் போன் கொடுத்த முதலாளிமேல் எனக்குக் கோபம் இல்லை, அவர் நல்லதுதான் செய்தார். எங்கோ ஒரு கம்பெனி ஒரு மாடலை விட்டுவிட்டது. அதில் ஒரு தகப்பனும் மகளும் பேசிக்கொண்ட ஒரே வழி அடைபட்டது. யாரைத் திட்டுவதென்று தெரியாமல் தவிக்கிறேன். படித்திருந்தால் காதரிக்கா என்ன பதில் சொல்லியிருப்பார்? சத்தியமாக எனக்குத் தெரியாது. பொறுத்துப் போ என்று முன்பு ஒருமுறை அவளிடம் சொன்னவர்தான் அவர். இந்த முறையும் அப்படியே சொல்லியிருக்கலாம், வந்துவிடு என்றும் சொல்லியிருக்கலாம். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது, என் கண்ணுக்கும் அந்தத் திரைக்கும் நடுவே வந்து விழுந்த கை. மகள் தனக்கென்று எழுதியதை அந்நியக் குரல் முழுதாகப் படித்துவிடக் கூடாது என்று தடுத்த கை அது. அவள் இப்போது தாயோடு இருக்கிறாள், வேலை தேடுகிறாள். அவள் கேட்ட கேள்வி அவரிடம் போய்ச் சேரவே இல்லை. அவருடைய பதில் இதுதான் என்று இனி யாரும் அவளிடம் போய்ச் சொல்லாதீர்கள்.