ஈசானி மூலைக்குப் போன குழாய்

கல்யாணமான புதிதிலிருந்தே காலையில் என் விரல்கள் மடங்காது. மூட்டுவாதம் என்றார் டாக்டர். வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்திருந்தால்தான் தோசைக்கரண்டியைப் பிடிக்க வரும். என் வீட்டுக்காரருக்கு மட்டும்தான் இது தெரியும். "எங்க வீட்ல சொல்லிடாத, சீக்காளியக் கட்டிக்கினு வந்துட்டான்னு பேசுவாங்க" என்று அவர்தான் என் வாயை அடைத்து வைத்திருந்தார்.

திண்டிவனத்தில் வீடு கட்டியபோது அவருடைய அண்ணன் வளவனூரிலிருந்து வந்து எங்களோடு தங்கி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார். குறை சொல்ல மாட்டேன், கான்கிரீட் போட்ட அன்று வெயிலில் நின்றவர் அந்த மாமாதான். ஆனால் சுடுதண்ணீர் என்று நான் வாயெடுத்தால் மட்டும் அவருக்குச் சிரிப்பு வந்துவிடும்.

வேலை முடியும் சமயத்தில் ஒரு நாள். மறுநாள் பாத்ரூமுக்கு டைல்ஸ் ஒட்ட ஆள் வருவதாக இருந்தது. ஒட்டிவிட்டால் சுவரைத் தொட முடியாது. காலையில் கரண்ட் போனால் கீசர் இருந்தும் பிரயோஜனமில்லை என்பதால், பிற்பாடு மாடியில் சோலார் ஹீட்டரும் வைக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். விழுப்புரத்தில் ஒரு கடையில் விசாரித்தும் வைத்திருந்தேன். கீசர் டேங்க் உள்ளதாக, சோலாரிலிருந்து சூடாகவே வரும் தண்ணீரைத் தாங்குவதாக இருக்க வேண்டும். மாடியிலிருந்து குழாய் இப்போதே சுவருக்குள் இறங்கிவிட வேண்டும். மாமாவோ சின்னதாக ஒரு இன்ஸ்டன்ட் ஹீட்டருக்குச் சொல்லிவிட்டிருந்தார்.

"வெயிலு மண்டையப் பொளக்குற ஊரு. உனக்கு சுடுதண்ணிக்கு ரெண்டு மெஷினா?" என்றார் அன்று காலையிலும்.

மேற்கே தண்ணீர்த்தொட்டி நிழல், தெற்கே பக்கத்து வீட்டு மாடி நிழல், வெயில் முழுசாக விழுவது வடகிழக்கில்தான், சோலாரை அங்கேதான் வைக்க முடியும் என்றார் பிளம்பர். மாமா முகம் மாறிவிட்டது. "அப்ப பேச்சே இல்ல. ஈசானி மூலைல பாரம் ஏத்தினா குடும்பம் வெளங்காது."

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் டைல்ஸ் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வேறு வேலையாக மாடிக்குப் போன பிளம்பர் திடீரென்று கத்தினார். "ஜாயின்ட் புட்டுக்கிச்சு! கீழ வால்வ மூடுங்க, ஜல்தி!"

வால்வு என் பக்கத்திலேயே இருந்தது. தண்ணீர் படிக்கட்டு வழியாகக் கொட்டி சிமெண்ட் மூட்டைகளை நோக்கி ஓடியது. இரண்டு கையாலும் பிடித்தேன். விரல் வளையவில்லை, உள்ளங்கை வழுக்கியது.

"என்னம்மா பாத்துக்கினு நிக்கிற! திருப்பு!"

"முடியல மாமா! என் கை மடங்காது!"

கத்திவிட்டேன். அவர் ஓடிவந்து மூடினார். மூட்டைகள் இரண்டு நனைந்துவிட்டன. அவர் அதைப் பார்க்கவில்லை, வீங்கியிருந்த என் விரல்களையே பார்த்தார்.

"எத்தினி நாளா?"

"கல்யாணத்துலேர்ந்து."

தம்பி பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரியுமாடா?"

என் வீட்டுக்காரர் குனிந்து நனைந்த மூட்டைகளை நகர்த்த ஆரம்பித்தார்.

மாமா மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஈசானி மூலைக்கே லைன இழுப்பா. நான் விழுப்புரம் போய் அந்த டேங்க் கீசரயே வாங்கியாறேன்."

நான் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனாலும் அன்று முழுக்க என் வீட்டுக்காரரிடம் நான் பேசவில்லை. சாயங்காலம் அவரே வந்து, "அதான் எல்லாம் நீ சொன்ன மாதிரியே ஆயிடுச்சே, இன்னும் என்ன கோவம்?" என்றார்.

"உங்க அண்ணன் என் கையை இன்னிக்குத்தான் பார்த்தாரு. நீங்க கல்யாணத்துலேர்ந்து பார்க்கிறீங்க" என்றேன்.