கைண்ட்லி உட்கார்ந்த இடம்

என் அலமாரியின் மூன்றாவது தட்டில் ஒரு தாள்கட்டு இருக்கிறது. கட்டு என்று சொல்வது பழக்கத்தால்தான். இப்போது அதில் மிஞ்சியிருப்பது ஒரே ஒரு தாள். நான் ஓய்வு பெற்ற அன்று என் கைக்கு வந்தபோது இருநூற்றுப் பதினான்கு இருந்தன. எல்லாம் அலுவலகத்தில் தட்டச்சு செய்து திரும்பி வந்த ஆங்கிலக் கடிதங்கள். பின்பக்கம் வெறுமையாக இருப்பதால் இத்தனை வருடமும் அதில்தான் என் கணக்குகளை எழுதிவந்தேன்: கேஸ் சிலிண்டர் எத்தனை நாள் வந்தது, மாதத்தில் எத்தனை முறை லிஃப்ட் நின்றது, காலையில் கபாலி கோயில் குளத்தைச் சுற்ற எத்தனை அடி. முன்பக்கத்தில் அநேகமாக ஒரே காட்சிதான். ‘டு’ என்ற சொல்லுக்கும் அதன் வினைக்கும் நடுவே ஒரு ‘கைண்ட்லி’, ‘டு கைண்ட்லி இன்ஃபார்ம்’ என்கிற மாதிரி. அதைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலில் ஒரு வட்டம்.

வட்டம் எங்கள் சூப்பரிண்டெண்ட் போட்டது. கைண்ட்லி நான் போட்டது. இரண்டுக்கும் இடையில் அகப்பட்டுக்கொண்டவர் டைப்பிஸ்ட் அம்மா. என்னைவிட மூன்று வயது இளையவர்தான், ஆனாலும் அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் டைப்பிஸ்ட் அம்மா.

தியாகராய நகரில், பனகல் பார்க்கிலிருந்து நான் நடந்தால் நானூற்றுப் பத்து அடியில் இருந்தது அந்த இன்ஷூரன்ஸ் அலுவலகம். கடிதம் எழுதும் பிரிவில் குமாஸ்தாக்கள் நான்கு பேர். நாங்கள் கையால் எழுதும் நகல் நேராக டைப்பிஸ்ட் அம்மாவிடம் போகும். அவர் மூன்று கார்பன் வைத்து அடித்துக் கொடுத்த பிறகுதான் சூப்பரிண்டெண்ட் படிப்பார். நேரம் மிச்சமாகட்டும் என்று யாரோ ஏற்படுத்திய வழக்கம். அதன் பலன், ஒரு சொல் இடம் மாறினாலும் நான்கு தாளும் வீண்; முழுக் கடிதத்தையும் மறுபடி அடிக்க வேண்டும். அது போதாதென்று, திரும்பிய கடிதங்களுக்கு ஒரு நோட்டு இருந்தது. அதில் பெயர் எழுதும் கட்டம் ஒன்றே ஒன்று. அடித்தவர் பெயர்.

சூப்பரிண்டெண்ட் மயிலாப்பூர்க்காரர். எந்தக் கடிதத்தை எடுத்தாலும் முதலில் ‘டு’ எங்கே என்று தேடுவார். விஷயம் என்ன என்பது அப்புறம். என்னைக் கூப்பிட்டு நிற்கவைத்து ஒருநாள் சொன்னார்: “ஓய், ‘டு’வும் வெர்பும் புருஷன் பொண்டாட்டி. அவா பாட்டுக்குப் பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்துண்டிருக்கா. நடுவுல உம்ம கைண்ட்லி எதுக்கு வந்து உட்கார்றார்?”

அதற்கு என்னிடம் ஒரு பதில் இருந்தது. தமிழில் ‘தெரிவிக்க’ என்பது ஒரே சொல்; அதைப் பிளந்து உள்ளே எதையும் வைக்க முடியாது. பணிவைச் சொல்ல வேண்டுமானால் முன்னாலேயே சொல்லிவிட்டு வர வேண்டும். ஆங்கிலத்திலோ ‘டு’ தனியாக, ‘இன்ஃபார்ம்’ தனியாக, நடுவே ஒரு சந்து. கைண்ட்லியை முன்னால் வைத்தால் எனக்கு அதட்டல் போலப் பட்டது. கடைசியில் வைத்தால் மறந்துபோய்ச் சேர்த்த மாதிரி இருந்தது. அந்தச் சந்தில் வைத்தால்தான் மனசு ஆறும். மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டு விலக்கிப் பார்த்தேன். நான்காம் நாள் கை தானாக எழுதிவிட்டது.

“இன்னா சார், உங்க கைண்ட்லிக்கு வேற எடமே கிடைக்கலியா? காலைலேர்ந்து நாலாவது தபா அடிக்கிறேன்” என்பார் டைப்பிஸ்ட் அம்மா. சிரித்துக்கொண்டுதான் சொல்வார். அதனால் நானும் சிரித்துவிட்டுப் போய்விடுவேன்.

ஒருநாள் அவர் சிரிக்கவில்லை. இரண்டு வருடமாக அவர் தற்காலிக ஊழியர். அந்த அரையாண்டு முடிந்ததும் அவரைப் பெர்மனென்ட் ஆக்குவதா வேண்டாமா என்று சூப்பரிண்டெண்ட் எழுத வேண்டும். நோட்டில் நூறு தாண்டினால் வேலை இல்லை. “பெர்மனென்ட் ஆனா அம்மாவையும் தங்கச்சியையும் கூட்டிக்கினு தனியா ஒரு வூடு பாக்கலாம்னு இருந்தேன் சார். அக்கா வூட்டு மாடில எத்தினி நாளு இருக்கறது? வடபழனில ஒரு போர்ஷன் சொல்லிவெச்சிக்கீறேன்” என்றார். நோட்டில் அன்றைக்குத் தொண்ணூற்று ஒன்று. மீதி மூன்று வாரம்.

அன்று சாப்பாட்டு வேளையில் நான் சாப்பிடவில்லை. அவர் மேஜை இழுப்பறையில் சேர்த்துவைத்திருந்த திரும்பிய தாள்களை வாங்கி, ஒவ்வொன்றாகப் பிரித்தேன். மற்ற மூன்று குமாஸ்தாக்களால் திரும்பியவை இருபத்தேழு. அதிலும் பாதிக்கு மேல், ‘டிஸ்கஸ்’ என்று எழுதினால் ‘அபௌட்’ சேர்க்காமல் விடாத ஒருவருடையவை. உண்மையான தட்டச்சுப் பிழை ஆறு. மீதி ஐம்பத்தெட்டும் என்னுடையவை. இரண்டு முறை கூட்டினேன். அதே ஐம்பத்தெட்டு. அடுத்த சீனியர் குமாஸ்தா பதவிக்கு என் பெயர் போயிருந்த சமயம் அது. ஒப்புக்கொண்டால் அது போய்விடும் என்பது ஒரு பக்கம். வடபழனி போர்ஷன் மறுபக்கம் நின்றது. மாலைக்குள் மன்னிப்பு மனு ஒன்றை எழுதி முடித்தேன்.

இங்கேதான் எங்கள் அலுவலகத்தாரைத் தவிர வேறு யாரும் செய்ய முடியாத காரியத்தைச் செய்தேன். கையெழுத்தில் வரும் எதையும் சூப்பரிண்டெண்ட் தொடமாட்டார். ஆகவே மனுவைக் கொண்டுபோய் டைப்பிஸ்ட் அம்மாவிடமே கொடுத்தேன். அவர் படித்தார், என்னை ஒருமுறை பார்த்தார், உள்ளது உள்ளபடி அடித்துக் கொடுத்தார். சூப்பரிண்டெண்ட் வாங்கினார். கண் முதல் வரியிலேயே நின்றது. ‘ஐ பெக் டு ஹம்ப்ளி சப்மிட்’ என்று ஆரம்பித்திருந்தேன்; அதே சந்தில் இந்த முறை ‘ஹம்ப்ளி’. சிவப்பு வட்டம் போட்டார். நோட்டை எடுத்தார். டைப்பிஸ்ட் அம்மா பெயரில் தொண்ணூற்று இரண்டு என்று எழுதினார்.

“சார், மேலே படிங்க” என்று மட்டும் சொன்னேன்.

படித்தார். பிறகு நோட்டைப் பார்த்தார். பிறகு மறுபடி மனுவை. “அப்போ இத்தனை நாளா யார் பண்ணினதை யார் தலைல எழுதிண்டிருந்தேன்?” என்று மெதுவாகக் கேட்டார். என்னிடம் தேதிவாரியாகப் பட்டியல் இருந்தது. அவர் சொல்லச் சொல்ல வாசித்தேன். ஒவ்வொன்றாக டைப்பிஸ்ட் அம்மா பெயரைக் கோடு போட்டு அடித்து என் பெயரை எழுதினார். ஐம்பத்தொன்பது, அன்றைய வட்டத்தையும் சேர்த்து. அபௌட்காரர் தலையைச் சொறிந்துகொண்டு தானாக எழுந்து வந்தார். பின்னாலேயே மற்ற இருவரும். கடைசியில் டைப்பிஸ்ட் அம்மா கணக்கில் நின்றது ஆறு.

“ஆறு இல்ல சார், அஞ்சு. ஒண்ணு கரண்ட் போன அன்னிக்கு இருட்டுல அடிச்சது” என்றார் அவர். சூப்பரிண்டெண்ட் அதையும் கோடு போட்டு அடித்துவிட்டார். மறுநாளிலிருந்து எங்கள் கையெழுத்து நகல்கள் முதலில் சூப்பரிண்டெண்டிடம் போயின. டைப்பிஸ்ட் அம்மா பெர்மனென்ட் ஆனார், வடபழனிக்குக் குடிபோனார். சீனியர் பதவி எனக்குப் பதினான்கு மாதம் தள்ளி வந்தது. அந்தப் பதினான்கு மாதம் என்னவோ நன்றாகத்தான் தூங்கினேன்.

இப்போது யாரும் இதற்கெல்லாம் வட்டம் போடுவதில்லை. போன வாரம் என் செல்போனுக்கு வந்த பதினொரு ஆங்கிலச் செய்திகளில் ஏழில் ‘டு’வுக்கும் வினைக்கும் நடுவே ஏதோ ஒன்று காலை நீட்டி உட்கார்ந்திருந்தது. சரியாம், வெகுகாலமாகவே சரிதானாம். எத்தனை கார்பன் தாள், எத்தனை விரல் வலி என்று நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

நேற்று ஒரு கிரகப்பிரவேசப் பத்திரிகை வந்தது. டைப்பிஸ்ட் அம்மாவும் தங்கையும் சேர்ந்து திருவான்மியூரில் சொந்தமாக ஃப்ளாட் வாங்கியிருக்கிறார்கள். ஆங்கிலப் பக்கத்தைப் படித்தேன். எங்களை வந்து சிறப்பிக்கக் கேட்டுக்கொள்ளும் வரியில், ‘டு’வுக்குப் பக்கத்தில், வினைக்கு முன்னால், கைண்ட்லி உட்கார்ந்திருந்தது. உடனே போன் செய்தேன்.

“பாத்தீங்களா சார்? அச்சாபீஸ்காரர் எடுத்துட்றேன்னாரு. இருக்கட்டும், அத்தப் பாக்கறதுக்குன்னே ஒருத்தர் வருவாருன்னு சொல்லிட்டேன்” என்றார்.

மூன்றாவது தட்டைத் திறந்தேன். மிஞ்சியிருக்கும் அந்த ஒரே தாள், வட்டம் போட்ட என் மன்னிப்பு மனு, நோட்டில் தொண்ணூற்று இரண்டாவது. அதன் பின்பக்கத்தில் இதுவரை நான் எதுவும் எழுதியதில்லை. இன்று எழுதினேன்: தொண்ணூற்று மூன்று. பக்கத்தில் என் பெயர்.