கொள்கையா கொள்ளையா

பதினாறு வருடமாக வீடு வீடாகப் போய் மக்கள் கருத்தை எழுதி வருவதால் அவள் பெயரே ‘கேள்வி அக்கா’ என்றாகிவிட்டது. வெளியுறவு பற்றி ஏழு கேள்வி, குற்றங்கள் பற்றி ஐந்து. மாதம் நாற்பது வீடு முடிக்காவிட்டால் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள். படிவத்தில் உள்ளதை உள்ளபடி வாசிக்க வேண்டும், வாயைத் திறந்து விளக்கக்கூடாது. ‘ஏற்றுமதி’ என்றால் என்ன என்று கேட்ட பெரியவருக்குச் சொல்லப்போய் ஒருமுறை நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

இந்த முறை வெளியுறவுப் பகுதியின் கடைசிக் கேள்வி, “ஓராண்டில் கொள்கை கடுமையாகியிருக்கிறதா?” என்று வந்திருக்க வேண்டும். எந்தப் புண்ணியவான் தட்டச்சு செய்தானோ, ஓர் எழுத்து மாறி ‘கொள்ளை’ என்று அச்சாகியிருந்தது. மேற்பார்வையாளரிடம் ஓடினாள்.

“சார், இது கொள்கை சார். கொள்ளைன்னு கேட்டா எல்லாரும் ஆமான்னுதானே சொல்லுவாங்க?”

“எட்டாயிரம் படிவம் அடிச்சாச்சும்மா. இருக்கறத வாசி. யோசிக்கறதுக்கு மேல ஆளுங்க இருக்காங்க.”

மேலே இருந்தவர்கள் யோசித்த லட்சணம் அடுத்த மாதம் தொலைக்காட்சியில் தெரிந்தது. அந்தக் கேள்வியைத் தூக்கிக் குற்றப் பகுதியில் போட்டுவிட்டிருந்தார்கள். ‘கொள்ளை கடுமை: பத்தில் எட்டுப் பேர் கருத்து!’

அதற்குப் பிறகு அவளுக்கு யாரும் கதவைத் திறக்கவில்லை. போன மாதம் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்த அம்மாள் இப்போது உள்ளேயிருந்தே, “யாரு?” என்றாள்.

“நான்தாம்மா, கேள்வி அக்கா.”

“அடையாள அட்டைய ஜன்னல்ல காட்டு.”

காட்டினாள்.

“அட்டையெல்லாம் யார் வேணும்னாலும் அடிச்சுக்கலாம்” என்று ஜன்னலையும் சாத்திக்கொண்டாள் அந்த அம்மாள். மாதம் முடிய இரண்டே நாள். செய்தி வருமுன் முடித்த பதினொரு வீடுதான் ஆகியிருந்தது. ஆத்திரத்தில் தெருவென்றும் பாராமல் அழுதுவிட்டாள்.

வீட்டுக்கு வந்தால், கணவர் வாசற்கதவில் இரண்டாவதாக ஒரு தாழ்ப்பாளைப் பொருத்திக்கொண்டிருந்தார்.

“நாளையிலேர்ந்து தெரியாத தெருவுக்கெல்லாம் நீ போக வேணாம். கொள்ளை எப்படிக் கூடிப்போச்சு பாத்தியா?”

“ஐயோ, அது அச்சுப்பிழைங்க! அந்தக் கேள்விய வீடு வீடாப் போய்க் கேட்டவளே நான்தான்!”

அவர் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

“நீயே நேர்ல போய்க் கேட்டியா? அப்போ நிஜந்தான்.”