ஹியூம் நெடுஞ்சாலை வழியே ஒரு பதில் குருவானவர்

சிட்னியிலிருந்து மெல்பேணுக்குக் காரில் போகிறோம், ஒரே நாளில் போய்விடலாமா என்று இந்தத் தளத்துக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். நான் அந்தப் பாதையில் முதன்முதலாகக் கார் ஓட்டியது 1974 ஓகஸ்ட் கடைசியில். என் பதில் அந்தப் பயணத்திலிருந்துதான் வருகிறது. கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

அப்போது நான் சிட்னியில் கணித ஆசிரியர். ஹோம்புஷில் வாடகைக்கு ஒரு சின்ன வீடு. என் அண்ணர் அருள்நேசன் நதானியல் அங்கிலிக்கன் திருச்சபைக் குருவானவர். ஒரு வருடப் படிப்புக்காக யாழ்ப்பாணத்திலிருந்து சிட்னிக்கு வந்திருந்தார். மெல்பேணின் வடபகுதியில் ஒரு பங்கின் குருவானவருக்கு இதயத்தில் சத்திரசிகிச்சை. அவர் தேறும்வரை மூன்று மாதம் பதிலுக்கு நிற்க முடியுமா என்று கடிதம் வந்ததும் அண்ணர் ஓம் என்று எழுதிவிட்டார். எனக்குப் பள்ளி விடுமுறை. நானே கொண்டுபோய் விடுகிறேன் என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை 6.10க்குப் புறப்பட்டோம். அந்த நாட்களில் பாதை ஒவ்வொரு ஊரின் கடைத்தெருவுக்குள்ளும் நுழைந்து வெளியேறும். லொறிகளுக்குப் பின்னால் மணிக்கணக்காக ஊர்வோம். வீதிப் பலகைகள் அப்போதுதான் கிலோமீற்றருக்கு மாறியிருந்தன, என் காரின் மீற்றரோ மைலில். அண்ணர் பெருக்கிச் சொல்லிக்கொண்டே வந்தார், பாதி பிழை. கண்டகாய் என்ற சிற்றூரில் மதியச் சாப்பாட்டுக்கு, மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட 'பை' இரண்டு, அறுபது சதம். அதைத் தாண்டியதும் மலைச்சரிவெல்லாம் வாட்டில் மரங்கள் மஞ்சளாகப் பூத்திருந்தன. பாதி வழி தாண்டி, அல்பரி என்ற ஊருக்கு மாலை 4.20. மோட்டலில் இருவருக்கும் பன்னிரண்டு டொலர்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அண்ணர் கேட்டார்: "தம்பி, நான் கறுப்பன் எண்டு அவைக்கு முந்தியே தெரியுமோ?"

"பேரைப் பார்த்து விளங்கியிருக்குமே அண்ணை."

"நதானியல் எண்டுதான் கையெழுத்து வைச்சனான்" என்றார்.

மறுநாள் 7.30க்குக் கிளம்பி 12.40க்குப் போய்ச் சேர்ந்தோம். மொத்தம் 553 மைல், அதாவது 890 கிலோமீற்றர். பெற்றோல் பதின்மூன்று டொலர் சொச்சம். செங்கல் தேவாலயம், பக்கத்திலேயே குருமனை, நல்ல குளிர். வாசலில் பங்குச் செயலாளர் மிஸிஸ் டோசன் நின்றார். ஐம்பது வயதிருக்கும். பங்கின் கடிதம், தொலைபேசி, ஞாயிறு அறிவித்தல் தாள் எல்லாம் அவர் பொறுப்பு. அண்ணரைக் கண்டதும் ஒரு கணம் தயங்கினார். பிறகு கையை நீட்டி, "சூப் ஆறிப்போகும், உள்ளே வாங்கோ" என்றார். (அவர்கள் ஆங்கிலத்தில் சொன்னதை எல்லாம் எங்கள் தமிழில் தருகிறேன்.)

சூப் குடித்து முடியமுன் தொலைபேசி அடித்தது. ஆஸ்பத்திரியில் ஜீன் என்ற பெண் கடைசிக் கட்டத்தில் இருக்கிறார், குருவானவர் கையால் அப்பமும் இரசமும் வாங்கும் திருவிருந்து கேட்கிறார். ஜீனின் கணவர் கென்தான் அந்தத் தேவாலயத்தின் கோயில்பிள்ளை: மணி அடிப்பது, மெழுகுதிரி ஏற்றுவது, ஆராதனை தொடங்கும்போது கையில் கோலுடன் குருவானவருக்கு முன்னால் நடப்பது அவர் வேலை. இருபத்திரண்டு வருடமாக அதைச் செய்கிறாராம். மிஸிஸ் டோசன் வழி சொல்ல, நான் ஓட்டினேன். இருபது நிமிடம்.

கென் பெரிய உருவம். கட்டிலருகே கதிரையில் இருந்தவர் அண்ணரைப் பார்த்ததும் எழுந்து கட்டிலை மறைத்து நின்றார்.

"நாங்கள் எங்கட ஃபாதர் வரும்வரைக்கும் பாத்துக்கொண்டிருப்பம்."

"அவர் இன்னும் கட்டிலை விட்டு எழும்பேல்லை, கென்" என்றார் மிஸிஸ் டோசன்.

"எண்டாலும் பாத்துக்கொண்டிருப்பம்."

அவருக்குப் பின்னாலிருந்து மெல்லிய குரல் வந்தது. "நீ பாத்துக்கொண்டிரு, கென். எனக்கு நேரமில்லை."

திரும்பிப் போவோம் என்று சொல்ல வாயெடுத்தேன். அண்ணர் கென்னைப் பார்த்து, "நான் வெளியில நிக்கிறன். நீங்கள் ரெண்டு பேரும் கதைச்சுப்போட்டுச் சொல்லுங்கோ. போகச் சொன்னாலும் போறன்" என்றார். நடைபாதையில் கதிரை இல்லை. திருவிருந்துப் பெட்டியைக் கையில் பிடித்தபடி கால் மணி நேரம் நின்றார். பிறகு கதவு திறந்தது. கென் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஜீன் வாங்கினார். மிஸிஸ் டோசனும் நானும் வாங்கினோம். கென் கையை நீட்டவில்லை.

ஞாயிறு எட்டு மணி ஆராதனைக்கு அவர் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். ஜீனுக்குத் துணையாக மகளை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, அவர் ஏழு மணிக்கே வந்து மெழுகுதிரி ஏற்றி, அண்ணரின் அங்கியைத் தேய்த்து எடுத்து வைத்திருந்தார். கோலுடன் முன்னால் நடந்தார். திருவிருந்து நேரத்தில் மட்டும் கடைசி வாங்குப் பலகையில் இருந்துவிட்டார். "வேலையில ஒரு குறை சொல்லேலாது" என்றார் அண்ணர். வருத்தப்பட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை. நான் வருத்தப்பட்டேன்.

செவ்வாய் விடிய ஜீன் இறந்துபோனார். பத்து மணிக்குக் கென் குருமனை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னோம், வரவில்லை.

"வெள்ளிக்கிழமை அடக்கம். வேற குருவானவரை அனுப்பலாம் எண்டு பேராயர் அலுவலகத்தில சொன்னவை."

"உங்கட விருப்பம்" என்றார் அண்ணர்.

"ஜீன் உங்களைத்தான் சொன்னவள். வெளியில போய் நிண்ட ஆளைக் கூப்பிடு எண்டு." தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டே நின்றார். "நானெண்டால் கூப்பிட்டிருக்கமாட்டன். பொய் சொல்ல விருப்பமில்லை."

"நான் செய்யிறன்" என்றார் அண்ணர்.

வெள்ளிக்கிழமை மழை. நானும் நின்றேன். முன்வரிசையில் மகளோடு இரு என்று எல்லோரும் கென்னிடம் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. கறுப்பு அங்கியைப் போட்டு, கோலை எடுத்து, அண்ணருக்கு முன்னால், மனைவியின் பெட்டிக்கு முன்னால், வழக்கமான அதே வேகத்தில் நடந்தார். கல்லறையில்தான் கோலை நிலத்தில் ஊன்றிப் பிடித்தார். அண்ணர் அவருடைய முழங்கையைப் பிடித்தார், அவர் தட்டிவிடவில்லை.

சனிக்கிழமை நான் தனியே சிட்னி திரும்பினேன். டிசம்பர் முதல் வாரம் அண்ணரைக் கூட்டிவர லீவு கேட்டிருந்தேன். மிஸிஸ் டோசன் தொலைபேசியில், "தேவையில்லை, கென் கொண்டுவந்து விடுறாராம்" என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. சொன்னபடி பின்னேரம் நாலு மணிக்கு ஹோம்புஷில் என் வாசலில் கார் வந்து நின்றது. கென் பெட்டிகளை இறக்கினார், குசினியில் உட்கார்ந்து ஒரு கோப்பைத் தேத்தண்ணீர் குடித்தார், இரண்டு தட்டுப் பிட்டுச் சாப்பிட்டார், காரிலேயே திரும்பிப் போனார்.

அவர் போனதும் அண்ணரைக் கேட்டேன். "ரெண்டு நாளும் என்ன கதைச்சனீங்கள்?"

"முதல் நாள் ஒண்டும் இல்லை. அல்பரி வரைக்கும் றேடியோதான். அடுத்த நாள் வெளிக்கிட்டு ஒரு பத்து மைல் போயிருக்கும், ஜீனை எப்பிடிச் சந்திச்சவர் எண்டு சொல்லத் தொடங்கினார். கண்டகாயில சாப்பிடேக்கையும் கதையை நிப்பாட்டேல்லை."

இப்போது ஊர்களைச் சுற்றிப் புறவழிகள் வந்துவிட்டன; ஒன்பது பத்து மணித்தியாலத்தில் மெல்பேணில் நிற்கலாம். அவசரமென்றால் அப்படியே போங்கள். காலை ஆறு மணிக்குப் புறப்படுங்கள், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை இறங்கிக் கொஞ்சம் நடந்துவிட்டு ஏறுங்கள், மாலை மங்கிய பிறகு கங்காருக்கள் வீதிக்கு வரும், கவனம். ஆனால் பக்கத்து இருக்கையில் இருப்பவரோடு பேச்சு வார்த்தை சரியில்லை என்றால், தயவுசெய்து அல்பரியில் ஒரு இரவு தங்குங்கள். முதல் நாள் போதாது.